இரண்டு தேக்குக் கதவு

"ரெண்டு கதவையும் அந்த ஆயம்மாதான் சார் அமுக்கியிருக்கா! இன்னிக்கே போலீசுக்குச் சொல்லிடுங்க."

கருணாகரன் மூச்சிரைக்கச் சொன்னார். எஸ்டேட் ஓடிய காலத்தில் பெரிய கிளார்க். இப்போது எங்கள் ரிப்பேர் வேலைக்கு ஸ்டோர் பார்க்கிறார்.

குன்னூர் பக்கத்தில் நூற்றைம்பது வருஷத்துத் துரை பங்களா. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை கேட்டோடு திருப்பி அனுப்பிவிட்டு, பத்து மாசமாய்ப் பழுது பார்க்கிறோம். ஓடு, தரை, ஜன்னல் எல்லாம் பழையபடி வந்துவிட்டது. பூவேலை செய்த இரண்டு தேக்குக் கதவுகள் மட்டும் இல்லை. தேயிலை விலை பாதாளத்துக்குப் போய் ஃபேக்டரியை மூடிய வருஷம் காணாமல் போனதாம்.

எங்கேதான் போயிருக்கும்? எனக்குத் தினமும் இதே குடைச்சல். பிளைவுட்டில் செய்து மாட்டவும் மனசு வரவில்லை.

"எந்த ஆயம்மா? நம்மகிட்ட சுண்ணாம்பு குழைக்கிறாளே, அவளா?"

"அவளேதாங்க. அவ லைன் ஊட்டுக்குள்ள ஒண்ணு நிக்குது, என் கண்ணால பாத்தேன். இன்னொண்ண வித்துத் தின்னிருப்பா."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. தினமும் எதிரில் நின்று "சார், சார்" என்கிறாளே, என்ன நெஞ்சழுத்தம்!

ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. சாரலில் நனைந்துகொண்டே இருவரும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு ஏறிப் போனோம்.

எங்களைப் பார்த்ததும் ஆயம்மாளுக்கு முகம் வெளிறிவிட்டது. உள்ளே சுவரில் சாய்த்து, பிளாஸ்டிக் ஷீட் சுற்றி, ஈரம் படாமல் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தது. எங்கள் கதவேதான்.

"திருட்டுப் பொருளை இங்க வச்சுக்கிட்டு, எங்கிட்டயே வேலைக்கு வர்றியா? நாளைலேர்ந்து பங்களாப் பக்கம் வராதே. மிச்சத்தைப் போலீஸ் பேசிக்கும்!"

"ஐயோ, வேலைய மட்டும் நிறுத்திடாதீங்க சார். இலை பறிக்கற வேலை போனதுக்கப்புறம் அது ஒண்ணுதாங்க சோறு போடுது." அழுதேவிட்டாள். "அந்த வருஷம் ஆளில்லாத பங்களாவுல பூந்து, விறகுக்குன்னு ஆளாளுக்கு ஒடச்சாங்க. மனசு கேக்கல. நானும் எம்மவனும் இதத் தூக்கிட்டு வந்துட்டோம். இப்பத் திருப்பிக் கொண்டாந்தா, திருடிம்பாங்களோன்னு பயந்துட்டு இருந்தேனுங்க."

"எப்படிக் கதை விடறா பாருங்க சார்!" என்றார் கருணாகரன்.

அந்த நேரம் குளிர்காற்று ஒன்று சில்லென்று முதுகில் அடித்தது. திரும்பிப் பார்த்தேன். அந்த வீட்டு வாசலுக்குக் கதவே இல்லை. ஒரு சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இவ்வளவு பெரிய கதவை உள்ளே வச்சுக்கிட்டு, இந்தக் குளிர்ல வாசலுக்குச் சாக்கா கட்டியிருக்கே?"

"ஒரு மொழம் அறுத்தாத்தான் சார் நம்ம வாசலுக்குச் சேரும். அறுத்துட்டா அப்புறம் பங்களாவுக்கு எப்படிங்க மாட்டறது?"

சே, இந்த மனுஷியையா அப்படித் திட்டினேன்!

"நாளைக்கு நீயே கூட நின்னு மாட்டிக் கொடும்மா," என்றேன். "அந்த இன்னொரு கதவு? அதை அறுத்துக் கிறுத்து வச்சுட்டாங்களோ?"

ஆயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லீங்க சார். பெரிய கிளார்க் ஐயா ஊட்டு வாசல் ஒசரமாச்சே, அப்படியே பொருந்திருச்சுங்க."