ஒழுகாத கூடு

மாமரத்து உச்சியில் முசுறு எறும்புகள் புதுக்கூடு தைத்துக்கொண்டிருந்தன. இழுவைக்காரிகள் இலைகளின் விளிம்புகளைக் கவ்வி நெருக்கிப் பிடிக்க, தையற்காரிகள் குஞ்சுப் புழுக்களைக் கொணர்ந்து அவற்றின் பட்டிழையால் ஒட்ட வேண்டும். மழைக்குமுன் குடிபெயராவிட்டால் பழைய கூட்டிலுள்ள முட்டைகள் அழிந்துவிடும்.

எல்லாரிடமும் செய்தி கொண்டு சென்றவள் செங்காலி. யார் முகமும் வாடலாகாது என்பது அவள் எண்ணம். அரசியிடம், “முடியப்போகிறது” என்றாள். தையற்காரிகளிடம், “இலைகள் சேர்ந்துவிட்டன” என்றாள். அவர்கள் வந்து பார்த்தால், இலைகளுக்கிடையே ஓணான் புகும் அளவுக்கு இடைவெளி.

“புழுவைச் சுமந்துகொண்டு வேடிக்கை பார்க்கவா அழைத்தாய்?” என்றனர்.

“எங்கள் தாடையே கழன்றுவிடும் போலிருக்கிறது. அதை யாரிடமடி சொன்னாய்?” என்றாள் இழுவைக்காரி வல்லி.

வானம் கறுத்தது. செங்காலி அரசியிடம் ஓடினாள்.

“தாயே, இலைகள் சேரவில்லை. இழுக்க ஆள் போதவில்லை.”

“முன்பே சொல்லியிருந்தால் என் காவலர்கள் இங்கே சும்மா நின்றிருப்பார்களா?” என்ற அரசி, அனைவரையும் அனுப்பினாள்.

ஒருவர் இடையை ஒருவர் கவ்விச் சங்கிலியாயினர். இலை மெல்ல வளைந்தது.

“வரலாமா?” என்றனர் தையற்காரிகள்.

“இன்னும் இல்லை” என்றாள் செங்காலி. விளிம்புகள் தொட்ட பிறகே, “இப்போது வாருங்கள்” என்றாள்.

மழை கொட்டியபோது முட்டைகளோடு அனைவரும் புதுக்கூட்டில் இருந்தனர்.

“எங்கேனும் ஒழுகுகிறதா?” என்றாள் அரசி.

செங்காலி ஒவ்வொரு தையலையும் தடவிப் பார்த்துவந்து, “ஒரு சொட்டும் இல்லை, தாயே” என்றாள்.

தானே ஒருமுறை பார்த்துவர எழுந்த வல்லி, அதைக் கேட்டதும் மீண்டும் படுத்துக்கொண்டாள்.