தாடையைத் தளர்த்துங்கள்

“நான் போகட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்களேன்! பொணமாட்டம் கிடந்தா ஆச்சா?”

தமயந்தியின் குரல் மூன்றாம் மாடி வரை கேட்டது. கேட்காத வீடுகளில் டி.வி. சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். பதவி உயர்வோடு அவளுக்கு வேலூருக்கு மாற்றல் வந்திருந்தது. சம்மதமா என்று அன்று மாலைக்குள் வங்கிக்குச் சொல்லியாக வேண்டும். கணவர் அறவாழியோ பாயில் மல்லாந்து, கண்மூடி, சவாசனத்தில் இருந்தார். நான்கு மாத யோகாவில் அவர் தேறியது இந்த ஒன்றில்தான்.

“பேர்லயே சவம் இருக்கே, தமா. சவம் பதில் சொல்லுமா? நீயும் படுத்துப் பாரு. கேள்வியே போயிடும்.”

காதுக்குள் கத்துவதற்காகத்தான் அவளும் தரையில் படுத்தாள். செல்போனில் யோகா மாஸ்டரின் பதிவுக்குரல் ஓடிக்கொண்டிருந்தது. பாதத்தைத் தளர்த்துங்கள். முழங்காலைத் தளர்த்துங்கள். பல்லைக் கடித்திருந்தால் தாடையைத் தளர்த்துங்கள்.

அப்போதுதான் தமயந்திக்குத் தெரிந்தது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் கடித்ததாகவும் தோன்றவில்லை. மணையில் உட்கார்ந்த அன்று கடித்தது. மெல்ல விட்டாள். காதோரம் வலித்தது. அவர் சொன்னபடியே கேள்வி போய்விட்டது.

எழுந்திருக்கலாம் என்று குரல் சொல்லும் முன்பே எழுந்து, பால்கனிக்குப் போய், “வேலூர் சம்மதம் சார்” என்று வங்கிக்குப் போன் செய்தாள்.

“எங்க வீட்டம்மாவுக்கும் யோகா பலிச்சிடுச்சு, சண்டையையே விட்டுட்டா” என்று அறவாழி மாலையே கீழ்வீட்டில் பூரித்துப்போனார்.

வைகாசியில் தமயந்தி வேலூருக்குக் குடிபோனாள். ஆடிக்கு வந்துவிடுவாள், தீபாவளிக்கு வந்துவிடுவாள் என்று அவர் எல்லோரிடமும் சொல்கிறார், கேட்காதவர்களிடமும்.