மாடி சிக்னல்

“நம்ம செங் ஊர்ல மட்டும் இல்ல, மலாக்கா முழுக்க சல்லடை போட்டுத் தேடினாலும் என் மகன் டெரன்ஸ் மாதிரி ஒருத்தன் கிடைக்கமாட்டான் லா!” என்றேன்.

என்னைப் பார்க்க வந்த நண்பர் ரங்கசாமி, என் கட்டிலருகே எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கை உற்றுப் பார்த்தார்.

“இது என்னா, கிளீட்டஸ்?”

“எஃப்.பி.ஜி.ஏ. போர்டு, டெரன்ஸ் புரோகிராம் பண்ணி வச்ச எலக்ட்ரானிக் சர்க்யூட். மாடியில அவன் மேசையில ஒண்ணு, இங்க ஒண்ணு. அந்த போர்டுலேர்ந்து இந்த போர்டுக்கு நேரா வயர். அவன் அங்க சுவிட்சைத் தட்டினா இங்க லைட் எரியும். ‘அப்பா, நான் வீட்லதான் இருக்கேன், கூப்பிட்டா வர்றேன்’னு அர்த்தம்.”

“எந்நேரமும் எரியுதே!”

“பின்னே? சாப்பிடக்கூட எழுந்திரிக்க மாட்டேங்கிறான். தூங்கும்போதும் எனக்காக ஒரு கண்ணைத் திறந்தே வச்சிருக்கான்!”

ரங்கசாமியின் முகம் வாடியது. “என் பையன் போன்கூட பண்றதில்ல. டெரன்ஸைக் கூப்பிடேன், பார்த்துட்டுப் போறேன்.”

“மீட்டிங்ல இருக்கான் லா. இன்னொரு நாள் வா.”

அவர் கிளம்பியதும் என் மகள் ஷெர்லீன் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்க வந்தாள்.

“அண்ணன் மாடி போர்டைக் கழட்டிக்கிட்டு பினாங்கு போயி ஒரு வருஷம் ஆச்சு. வயர் சும்மா தொங்குது. ஏம்ப்பா இப்படிப் பொய் சொல்றீங்க?”

“லைட் எரியறது பொய்யா? அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லாட்டி, சிக்னல் வந்ததாவே இந்த போர்டு எடுத்துக்கும்னு அவன்தானே சொன்னான்!”

அவள் பிளக்கைப் பிடுங்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“விடும்மா. அவன் இருந்தப்போ இது பாதி நேரம் அணைஞ்சுதான் கிடந்துச்சு. போன பிறகுதான் ஒரு நாளும் அணையல.”