மண்ணெண்ணெய் விருந்து

பட்டாடையும் பொற்கிரீடமுமாக ராஜவிருந்தில் உட்கார்ந்திருந்த எர்சிலியா, முழுதாகச் சுட்டு வைத்திருந்த பன்றியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவள் வயிற்றில் ஒன்றும் விழவில்லை.

பன்றி, ரொட்டி, திராட்சை எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய். நேற்று வந்த துணை நடிகர் கூட்டம், கேமரா ஓடுவதற்குள் விருந்தைத் தின்று தீர்த்துவிட்டதாம். அதனால் இன்று காலையிலேயே தயாரிப்பு மானேஜர் பம்ப் வைத்து அடித்துவிட்டார்.

தப்பியது ஒன்றே ஒன்று, கதாநாயகன் தட்டிலிருந்த வறுத்த கோழி. அதை அவன் நிஜமாகவே கடிக்க வேண்டும்.

அவன் பெயர் ரெக்ஸ் ஹால்டன். கலிபோர்னியாவின் ஆணழகன் என்று ரோம் முழுக்கச் சுவரொட்டி. எண்ணெய் வழியும் மார்பும் இடுப்பில் வாளுமாக எர்சிலியாவை ஒட்டி உட்கார்ந்திருந்தான். மூன்று படம் நடித்தும் அவன் இத்தாலிய மொழியில் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. திரையில் அவனுக்குக் குரல் கொடுப்பது வேறொருவர்.

"ஆக்‌ஷன்!"

ரெக்ஸ் கோழியை வாயருகே கொண்டுபோனான். பெரிதாக ஓர் ஏப்பம் விட்டான்.

"கட்!"

முகம் சிவக்கக் கோழியை மேஜைக்கடியில் விட்டெறிந்தான். சமையற்கட்டிலிருந்து வேறு கோழி வந்தது.

அடுத்த டேக்கில் அக்குளைச் சொறிந்தான். அதற்கடுத்ததில் தும்மினான், எர்சிலியாவின் கன்னத்தில் தெறித்தது. ஒவ்வொரு முறையும் கோழி, பல் படாமலே, தரைவரை தொங்கிய விரிப்புக்கு உள்ளே போய் விழுந்தது.

எர்சிலியா கன்னத்தைத் துடைத்தபடி மூக்கைச் சுளித்தாள். மண்ணெண்ணெய் நாற்றமா, அவன் மேலிருந்து வந்த எண்ணெயும் வியர்வையும் கலந்த வாடையா, தெரியவில்லை.

"தூ! மாண்ட்ரியோனே குடிசையில, பாலத்துக்கடியில, எம் பிள்ளைங்க ரெண்டும் பச்சத் தண்ணியக் குடிச்சிட்டுக் கெடக்குதுங்க. இந்தப் பன்னி கோழி கோழியா வீசுது."

எதிரே செனட்டர் வேஷத்தில் இருந்த கொத்தனார் நசரேனோ பதறினார். "மெல்லப் பேசும்மா. ஹீரோ காதுல விழப்போகுது."

"விழட்டுமே. அதுக்குப் புரியவா போகுது?"

ஆறு, ஏழு என்று டேக்குகள் போயின. இயக்குநர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "மாதாவே! கோழி கடிக்கத் தெரியாதவன் கையிலயா வாளக் குடுத்தேன்!"

எட்டாவதில் ரெக்ஸ் கெக்கேபிக்கே என்று சிரித்தான். ஒன்பதாவதில் வாய்க்குள் இருந்த எச்சிலைத் துப்பிவிட்டுக் கோழியை எறிந்தான். இயக்குநர் திட்டிக்கொண்டே சமையற்கட்டை நோக்கி நடந்தார்.

எர்சிலியாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அவன் முகத்துக்கு நேராகத் திரும்பினாள்.

"உன்னப் பெத்தவ ஒரு நாளாவது பட்டினி கெடந்திருந்தா இப்படி வீசுவியாடா? மாட்டுக்குப் பொறந்தவனே! சதைய மட்டும் வளத்து விட்டிருக்கா!"

நசரேனோ கண்ணை இறுக மூடிக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

ரெக்ஸ் செருப்பு வாரைச் சரிசெய்பவன்போலக் குனிந்து, உதடு அசையாமல், மாண்ட்ரியோனே குடிசைக்காரர்களின் அசல் பேச்சில் அவளிடம் முணுமுணுத்தான்.

"கத்தாதக்கா, கீழ ஒம்பது கெடக்கு. இன்னும் எத்தன பேருக்கு வேணும்?"