ஜன்னலோரக் காட்சி

புகழ்பெற்ற பழைய ஜெர்மன் நாவலை, இசையே இல்லாமல் கறுப்பு வெள்ளையில் படமாக்கியிருந்தார் இயக்குநர். நாயகன் ஜன்னலோரம் ஏழு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்கும் காட்சியில் தியேட்டரே காலியாகிவிட்டது.

ஒரு பெரியவர் மட்டும் கடைசிவரை இருந்தார். தினமும் வருகிறாராம்.

இயக்குநர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்காவது படம் புரிஞ்சுதே ஐயா!"

"ஒண்ணும் புரியலை தம்பி. அந்த ஜன்னல் சீன்ல, பின்னால துணி மடிச்சுக்கிட்டு நிக்கிறாளே, அவ என் சம்சாரம். முப்பது வருஷமா துணை நடிகை. மத்த படத்துல எல்லாம் கண் சிமிட்டுறதுக்குள்ள மறைஞ்சிடுவா. போன மாசம் போய்ச் சேர்ந்துட்டா."

இயக்குநர் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். "அந்த சீன்தான் ரொம்ப நீளம்னு எல்லாரும் திட்டுறாங்க ஐயா."

"நீளமா?" பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாமே தம்பி."