ஃப்ரிட்ஜுக்குள் குளிர்காலம்

மூன்றாம் வருடமும் அருளப்பன் ஃப்ரிட்ஜின் தட்டுகளைக் கழற்றிவிட்டு, புளூபெர்ரித் தொட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான். குளிர்காலம் வந்துவிட்டதென்று செடி நம்பினால்தான் காய்க்குமாம். செடி உள்ளே இருந்த இரண்டு மாதமும், வெளியே வைத்த மாவெல்லாம் புளித்துப் பொங்கியது. மனைவி செல்வராணி அதிலேயே தோசை வார்த்தாள். சித்திரை வெயிலில் ஒரே ஒரு பழம் பழுத்தது. பறித்து அவள் உள்ளங்கையில் வைத்தான். வெகுநேரம் மென்றாள்.

“எப்படியிருக்கு?”

“சப்புனு இருக்கு.”

அவனுக்கும் அலுத்துவிட்டது. குப்பையோரம் வைத்துவிடலாமென்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

“எங்க தூக்கிட்டுப் போறீங்க?”

திரும்பிப் பார்த்தான். தயிரையும் மாவையும் தரையில் இறக்கி வைத்துவிட்டு, செல்வராணி ஃப்ரிட்ஜின் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.