ரத்தப் பொருத்தம்

"டாக்டர், இந்தத் தடவையாவது குறைஞ்சிருக்கா?"

பாண்டி பஜார் கிளினிக்கில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான் ஜெயராம். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசு. ஒரு நோய் நொடி கிடையாது. எல்லாம் மயிலாப்பூர் சந்திரமௌலி மாமாவால் வந்த வினை.

பெண் பார்க்கப் போன அன்று மாமாவின் மகள் கற்பகம் கேசரியை நீட்டிச் சிரித்தாள். பையன் அங்கேயே விழுந்தான். அவளுக்கும் சம்மதம். அத்தோடு விட்டாரா மனுஷர்?

"ஜாதகம் பேஷா பொருந்திடுத்து. ஆனா ஹோமோசிஸ்டீன்னு ரத்தத்துல புதுசா ஒண்ணு பாக்கறாளாம். அது ஏறினா ஹார்ட்டுக்கு ஆபத்தாம். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல போட்டிருந்தான். மாப்பிள்ளைக்கு அதை மட்டும் பாத்துட்டு வந்துடுங்கோ. அப்பறம் நிச்சயதார்த்தம்" என்று வாசல்வரை வந்து சொன்னார்.

பார்த்தால், எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கற்பகம் கை நழுவிப் போய்விடுவாளே! "டெஸ்டுக்குப் போக ஆபீஸ்ல லீவே கிடைக்கலை மாமா" என்று புளுகிவிட்டு, இரண்டு மாதமாக வைட்டமின் மாத்திரையும் கீரையுமாகக் கிடந்தான்.

"நார்மலுக்கு வந்துடுத்து" என்றார் டாக்டர். "நன்னா இருக்கற உங்களுக்கு இந்த டெஸ்டே அநாவசியம்னு அன்னிக்கே சொன்னேன்..."

மீதியைக் கேட்க அவன் அங்கே இல்லை. ஸ்கூட்டர் மயிலாப்பூரில் போய்த்தான் நின்றது.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிப்போர்ட்டைப் படித்தார். முகம் தொங்கிப் போயிற்று. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மாமியிடம் உதட்டைப் பிதுக்கினார். கதவோரம் நின்ற கற்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"என்ன மாமா, நார்மல்னுதானே போட்டிருக்கு?"

"நார்மல்தான். அப்பழுக்கில்லாத ரத்தம். நீங்க தீர்க்காயுசா இருக்கணும்."

"அப்போ நிச்சயதார்த்தம்?"

"எப்படிப் பண்றது? எங்காத்துப் பொண்ணுக்கு ஹோமோசிஸ்டீன் ஜாஸ்தி. செவ்வாய் தோஷம் மாதிரிதானே இதுவும், தோஷத்துக்கு தோஷம்தானே சேரும்? உங்களுக்கும் கொஞ்சம் ஏறியிருக்கணும்னு ரெண்டு மாசமா கபாலீஸ்வரரை வேண்டிண்டிருந்தோம்."